யாழ்ப்பாணத்தில் 3 பகல், 2 இரவு: இரண்டு பேர், தலைக்கு 20,000 ரூபா காணுமா?

வெள்ளவத்தைத் தோழி

எல்லோருக்கும் வணக்கம். நானும் என் தோழியும் பெப்ரவரி இரண்டாம் பாதியில் யாழ்ப்பாணம் வர இருக்கிறோம். இரண்டு பேரும் பெண்கள், அங்கே சொந்தக்காரர் யாரும் இல்லை. வியாழன் இரவு கொழும்பிலிருந்து புறப்பட்டு, ஞாயிறு இரவே திரும்ப வேண்டும். திங்கள் இருவருக்கும் வேலை.

கையில் இருப்பது தலைக்கு 20,000 ரூபா. போய்வரும் செலவும் அதற்குள்தான். பார்க்க நினைத்திருப்பவை: நல்லூர், கோட்டை, நூலகம், நயினாதீவு, நெடுந்தீவு, கீரிமலை, பருத்தித்துறை, கசூரினா கடற்கரை. நாள் வாடகைக்கு வான் பிடித்தால் பாதிக் காசு அதிலேயே போய்விடும் என்று சொல்கிறார்கள். பஸ்ஸில் சமாளிக்க முடியுமா? எந்தப் பகுதியில் தங்கலாம்? இந்தப் பட்டியலில் எதை விடலாம்?

கொட்டடியான்

தங்கச்சி, காசு காணும். பட்டியல்தான் கூடிப்போச்சு.

யாழ்ப்பாணத்தில காசு கரையிறது அறையிலயும் இல்லை, சாப்பாட்டிலயும் இல்லை. திசை மாறி மாறி ஓடுறதிலதான். நயினாதீவும் நெடுந்தீவும் மேற்க, பண்ணைப் பாலம் தாண்டிப் போறது. கசூரினா காரைநகரில, அதுக்கு வேற ரோட்டு. கீரிமலை வடக்க, கே.கே.எஸ். (காங்கேசன்துறை) ரோட்டால. பருத்தித்துறை வடகிழக்க. ஒண்டில இருந்து மற்றதுக்குப் போறதெண்டால் பெரும்பாலும் ரவுணுக்குத் திரும்பி வந்துதான் பஸ் மாற வேணும். அந்த அலைச்சலுக்குப் பயந்துதான் ஆக்கள் வான் பிடிக்கிறது. ஒரு நாளைக்கு ஒரு திசை எண்டு வைச்சால் பஸ்ஸே போதும்.

நான் பிரிக்கிறது இப்பிடி.

வெள்ளி, ரவுணும் நல்லூரும். இரவு பஸ் விடிய நாலு, அஞ்சுக்கே கொண்டுவந்து இறக்கிப் போடும். கொஞ்சம் படுத்தெழும்பி, காலமை நல்லூர்க் கோயில். பிறகு கோயிலடியில இருந்து பருத்தித்துறை வீதியால நடந்தால் சங்கிலியன் தோப்பு வளைவு, மந்திரிமனை, யமுனா ஏரி எண்ட பழைய காலத்து இடங்கள் எல்லாம் கிட்டக் கிட்ட. இதுக்கு ஓட்டோவே தேவையில்லை. பதினொரு மணிக்கு முதல் முடிச்சிடுங்கோ, பிறகு வெயில் சுடும். மத்தியானம் நல்லாச் சாப்பிட்டு நித்திரை கொள்ளுங்கோ. இரவு முழுக்க பஸ்ஸில இருந்திட்டு பகல் முழுக்கவும் அலைஞ்சால் சனிக்கிழமை எழும்ப ஏலாது, அந்த நாள்தான் உங்களுக்கு முக்கியம். பின்னேரம் நூலகம், பிறகு கோட்டை. ரெண்டும் நடை தூரம்தான். நூலகத்தில வெளியாக்களை உள்ளுக்க விடுறது பின்னேரத்தில கொஞ்ச நேரம் மட்டும், அதால முதல்ல அங்க போங்கோ. செருப்பை வாசலில கழட்ட வேணும், ஆக்கள் படிச்சுக் கொண்டிருப்பினம், கதையாமல் பாருங்கோ. 1981-இல 97,000 நூலோட எரிஞ்ச இடம் அது. படம் எடுக்கிறதுக்கு முதல் வாசலில கேளுங்கோ. கோட்டை போர்த்துக்கேயர் கட்டினது, 1658-க்குப் பிறகு ஒல்லாந்தர் ஐங்கோணமாப் பெருப்பிச்சது. மதிலில ஏறி கடல் பக்கமா நிண்டால் பொழுதுபடுறதைப் பாக்கலாம்.

சனி, நயினாதீவு. வேற ஒண்டும் இல்லை.

ஞாயிறு காலமை கீரிமலைக் கேணி. பகல் ரவுணுக்குத் திரும்பி அறையை விட்டு, இரவு பஸ்.

நெடுந்தீவை விடுங்கோ. அது ஒரு முழு நாளைத் தின்னும். கசூரினாவுக்கு காரைநகர் வரைக்கும் பஸ் இருந்தாலும் பஸ் ரோட்டில இருந்து கடற்கரைக்கு ஓட்டோ பிடிக்க வேணும், திரும்பவும் அப்பிடித்தான். பருத்தித்துறைக்கு 750-ஆம் இலக்க பஸ் நேர போகும். ஆனா ஒரு பக்கம் ஒரு மணித்தியாலத்துக்கு மேல. கீரிமலை வேண்டாமெண்டால் அதுக்குப் பதிலா வைக்கலாம், ரெண்டையும் ஒரு காலமையில வைக்கேலாது.

சுண்டுக்குளி அக்கா

கொட்டடியான் சொன்ன பிரிப்புச் சரி. நான் தங்கிற விசயம் சொல்லுறன், பொம்பிளைப் பிள்ளையள் எண்டபடியால்.

பஸ் நிலையத்தைச் சுத்தி இருக்கிற மலிவான லொட்ஜுகளை விட்டிடுங்கோ. வீட்டுக்காரர் கீழயோ பக்கத்திலயோ இருக்கிற விருந்தினர் விடுதி நல்லூர், கந்தர்மடம், சுண்டுக்குளி, பிரதான வீதிப் பக்கம் நிறைய இருக்கு. மின்விசிறி அறை, குளியலறை சேர்ந்தது, ரெண்டு பேருக்கு எண்டு கேளுங்கோ. பெப்ரவரியில இரவு ஏசி தேவைப்படாது. ஒரே அறையை ஏசி போட்டால் ஒரு விலை, போடாட்டி ஒரு விலை எண்டு குடுக்கிற இடங்களும் இருக்கு, அதைக் கேட்டால்தான் சொல்லுவினம். நுளம்புவலை இருக்கோ எண்டு கட்டாயம் கேளுங்கோ. மாரி மழை முடிஞ்ச கையோட இங்க டெங்கு கூடுறது வழமை, சில வருசம் மாசி மட்டும் இழுபடும்.

இணையத்தில பதியேக்க ஒரு பொறி இருக்கு. யாழ்ப்பாணம் எண்டு போட்டிருக்கும், வரைபடத்தில பாத்தால் கோப்பாயில, கைதடியில, இணுவிலில இருக்கும். அறை ஆயிரம் ரூபா மலிவு, அதைவிடக் கூட ஓட்டோவுக்குப் போகும், அதோட இரவில திரும்பிறது கஸ்ரம். நல்லூர்க் கோயிலில இருந்தோ பஸ் நிலையத்தில இருந்தோ ரெண்டு கிலோமீற்றருக்குள்ள இருக்கிறதை மட்டும் பாருங்கோ. பதியிறதுக்கு முதல் தொலைபேசியில கதையுங்கோ. கேட்க வேண்டியது மூண்டு விசயம். ஒண்டு, விடிய அஞ்சு மணிக்கு வந்தால் கதவு திறப்பினமோ. அறை மத்தியானம்தான் கிடைக்கும் எண்டால், முகம் கழுவி உடுப்பு மாத்த ஒரு இடமாவது தருவினமோ. ரெண்டு, ஞாயிறு அறையை விட்ட பிறகு பைகளை இரவுமட்டும் வைக்கலாமோ, பஸ்ஸுக்கு முதல் ஒருக்கால் குளிக்க விடுவினமோ. மூண்டு, மொத்த விலைக்குள்ள வரி, சேவைக் கட்டணம் எல்லாம் அடங்குதோ. முதல் ரெண்டுக்கும் ஓம் எண்டு சொல்லுற வீடு ஐந்நூறு ரூபா கூடவெண்டாலும் எடுக்கலாம். இல்லாட்டி அரைநாள் வாடகை தனியக் குடுக்க வேண்டி வரும்.

இரவு விசயம். எட்டு மணிக்குப் பிறகு ரவுணில நடமாட்டம் குறையும், ஊர்ப்பக்கம் போற பஸ் அதுக்கு முதலே குறைஞ்சிடும். பயப்பிட ஒண்டுமில்லை, ஆனா இரவுச் சாப்பாட்டை ஏழரைக்குள்ள முடிச்சால் நிம்மதி. விடிய பஸ்ஸால இறங்கினதும் தெருவில ஓட்டோ பேசாமல், விடுதிக்காரரிட்டச் சொல்லி அவைக்குத் தெரிஞ்ச ஓட்டோவை வரச் சொல்லுங்கோ. காசை முதல் நாளே கேட்டு வையுங்கோ.

கோயில் உடுப்பு: நல்லூருக்கு சீலை, பாவாடை தாவணி, இல்லாட்டி காலை மூடின சுடிதார். காற்சட்டையோட போய் வாசலில நிக்க வேண்டாம். உள்ளுக்க படம் எடுக்கேலாது. அருச்சனைச் சீட்டு 1 ரூபா எண்டது ஊரறிஞ்ச விசயம், சில்லறை கொண்டு போங்கோ. பூசை நேரம் அங்க ஒரு நிமிசம் பிந்தாது, மத்தியானப் பூசை முடிய நடை சாத்தினால் பின்னேரம்தான்.

வெள்ளவத்தைத் தோழி

அக்கா, அண்ணா, மிக்க நன்றி. நெடுந்தீவை விட மனம் வரவில்லை. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் ஒரே துறையிலிருந்துதானே படகு? ஒரே நாளில் இரண்டையும் முடிக்க முடியாதா? தோழியிடம் ஸ்கூட்டர் லைசன்ஸ் இருக்கிறது, வாடகைக்கு எடுத்தால் பஸ்ஸை விட லாபமா? சாப்பாட்டுக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும்?

சோளகக்காற்று

துறை ஒன்றுதான், புங்குடுதீவிலுள்ள குறிகட்டுவான். ஆனால் இரண்டு தீவும் ஒரே கணக்கில் வராது.

நயினாதீவு எதிரே தெரிகிறது. பதினைந்து, இருபது நிமிடத்தில் போய்விடலாம், படகுகள் பகல் முழுக்க ஓடும். நெடுந்தீவு ஒரு மணித்தியாலக் கடல், ஒரு நாளில் சில படகுகளே. காலைப் படகைத் தவறவிட்டால் அந்த நாள் போனது. பின்னேரத் திரும்பற் படகைத் தவறவிட்டால் இரவு தீவிலேயே. தீவுக்குள் குதிரைகள் நிற்கும் வெளி, பெருக்கு (பாவோபாப்) மரம், ஒல்லாந்தர் கோட்டைச் சிதைவு, புறாக்கூடு எல்லாம் தள்ளித் தள்ளி இருப்பதால் வாகனமும் பேச வேண்டும். இரண்டு பேருக்கு அது பாரம். நாலைந்து பேர் சேர்ந்து வரும்போது பங்கு போட்டால் கட்டும். இரண்டையும் ஒரே நாளில் செய்யப் போகிறவர்கள் பெரும்பாலும் இரண்டையும் அரைகுறையாகப் பார்த்துவிட்டு, கடைசிப் பஸ்ஸுக்கு ஓடுவார்கள். இம்முறை நயினாதீவோடு நிறுத்துங்கள்.

போகும் முறை: யாழ். பஸ் நிலையத்தில் 776, குறிகட்டுவான். காலை ஏழு மணிக்குள் ஏறிவிடுங்கள். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஓட்டம். பண்ணைப் பாலம், வேலணை, பிறகு புங்குடுதீவுக்குப் போகும் நீண்ட தாம்போதி, இரு பக்கமும் கடல். ஜன்னல் இருக்கை கிடைத்தால் இந்தப் பயணமே ஒரு காட்சி. பஸ்ஸை விட்டு இறங்கியதும் படகுத் துறை வரிசை. படகுக்காசை ஏறிய பின் வாங்குவார்கள், சிறு தாள்களாக வைத்திருங்கள். பாதுகாப்பு அங்கியைக் கேட்டு வாங்கிப் போடுங்கள். உள்ளே கீழ்த்தட்டில் இருந்தால் புழுக்கம், தலைசுற்றுகிறவர்கள் வாசற்பக்கமாக இருப்பது நல்லது.

அங்கே இறங்கினால் நாகபூசணி அம்மன் கோயிலும் நாகவிகாரையும் ஒரே கரையோர வீதியில், நடந்தே போகலாம். முதலில் விகாரையைப் பார்த்துவிட்டு கோயிலுக்குத் திரும்பி வந்தால் மத்தியானப் பூசைக்கும், அதன் பின் அமுதசுரபி மண்டபத்தில் அன்னதானத்துக்கும் நேரம் பொருந்தும். அன்னதானத்துக்குக் காசு கேட்கமாட்டார்கள். உண்டியலில் உங்களால் இயன்றதைப் போடுங்கள். மூன்று மணிக்கு முன் திரும்பற் படகில் ஏறிவிட்டால் பஸ்ஸில் இடம் கிடைக்கும். திரும்பும் பஸ் கோட்டைப் பக்கமாகத்தான் ரவுணுக்குள் நுழையும். வெள்ளியன்று கோட்டை தவறியிருந்தால் பண்ணையில் இறங்கிக்கொள்ளலாம்.

கவனிக்க வேண்டியது நாள். போயா (பௌர்ணமி) தினத்திலும் அதை ஒட்டிய வார இறுதியிலும் தெற்கிலிருந்து யாத்திரிகர் பஸ் பஸ்ஸாக வருவார்கள், படகு வரிசையிலேயே ஒன்றிரண்டு மணித்தியாலம் போகும். நாட்காட்டியில் போயாவைப் பார்த்துவிட்டு வாரத்தைத் தெரிவு செய்யுங்கள். பெப்ரவரியில் கடல் பெரும்பாலும் அமைதி. மே முதல் செப்டெம்பர் வரை சோளகம் (தென்மேற்குக் காற்று) எழும்பும் காலம், அப்போது படகு ஆடும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழை.

கந்தர்மடம் சந்தி

ஸ்கூட்டர் பற்றி.

ரெண்டு பேருக்கு லாபம்தான், ஆனா எல்லா நாளுக்கும் இல்லை. வெள்ளி எடுக்க வேண்டாம், ரவுணுக்க நடக்கலாம். சனி எடுத்தால் அரைநாள் துறையில சும்மா நிக்கும். ஞாயிறு ஒரு நாள் மட்டும் எடுங்கோ. அப்ப கீரிமலை, காங்கேசன்துறை, கந்தரோடை எல்லாம் ஒரு சுத்தில முடியும். பஸ்ஸில இதைச் செய்யேலாது. தரை முழுக்க சமதரை, ஏற்றம் இறக்கம் கிடையாது.

எடுக்கேக்க ஒறிஜினல் அடையாள அட்டையைப் பிணையா வைக்காதேங்கோ. போட்டோப் பிரதியும் முற்பணமும் குடுங்கோ. வாகன வருமான அனுமதிப்பத்திரமும் இன்சூரன்ஸும் காலாவதியாகாமல் வண்டியிலேயே இருக்கோ எண்டு பாருங்கோ, பொலிஸ் மறிச்சால் ஓடுற ஆள்தான் பதில் சொல்ல வேணும். ரெண்டு ஹெல்மெட்டும் வாங்குங்கோ, நாடாப் பூட்டுப் பிடிக்குதோ எண்டு போட்டுப் பாருங்கோ. கீறல், உடைவு இருக்கிற பக்கமெல்லாம் வண்டிக்காரருக்கு முன்னாலேயே போனில படம் எடுங்கோ. பெற்றோல் எவ்வளவு இருக்கெண்டதையும் படம் எடுங்கோ. பொழுதுபட முதல் ரவுணுக்குள்ள வந்திடுங்கோ, இருட்டில ரோட்டில மாடு படுத்திருக்கும்.

லைசன்ஸ் கார் ஓடுறதுக்கு மட்டும் எடுத்ததெண்டால் ஸ்கூட்டர் ஓடேலாது. அட்டையில மோட்டார் சைக்கிள் வகுப்பு இருக்கோ எண்டு தோழியைப் பாக்கச் சொல்லுங்கோ. இல்லையெண்டால் சைக்கிள். நிறைய விடுதியளில நாள் வாடகைக்கு இருக்கு, ரவுண், நல்லூர், கோட்டைக்கு அது நல்லாக் காணும்.

நல்லூர் வீதி

சாப்பாடு என்ரை பக்கம்.

காலமைக்கு திருநெல்வேலியில, பலாலி வீதியில இருக்கிற அம்மாச்சி உணவகம். விவசாயத் திணைக்களத்தின்ரை இடம், பெண்கள் குழுவாச் சமைச்சு முன்னாலேயே சுட்டுத் தருவினம். தோசை, குரக்கன் புட்டு, உழுந்து வடை, இலைக்கஞ்சி, பழரசம். விலை எழுதித் தொங்கும், ரெண்டு பேர் வயிறு நிறையச் சாப்பிட்டாலும் கை கடிக்காது. சோடாப் போத்தல் கேளாதேங்கோ, அங்க அது இல்லை. காலமை சனம் கூட, எட்டு மணிக்கு முதல் போனால் எல்லா வகையும் இருக்கும்.

மத்தியானம் ரவுணில நிக்கேக்க பஸ் நிலையத்துக்குக் கிட்ட மலாயன் கபே. வாழையிலைச் சாப்பாடு, சைவம். சோறும் மரக்கறியும் திரும்பக் கேட்டால் போடுவினம்.

நண்டுக் கறி தின்னாமல் போறேல்லை எண்டு கனபேர் வருவினம். தின்னுங்கோ, ஆனா ஒரு நேரம் மட்டும், அதுவும் கேட்டு. நண்டு பெருப்பத்துக்கு விலை. பட்டியலில விலை போடாமல் விட்டிருந்தால், சமைக்கிறதுக்கு முதல் எத்தினை நண்டு, மொத்தம் எவ்வளவு எண்டு கேட்டிட்டுச் சொல்லுங்கோ. இரவுச் சாப்பாட்டு விலையில மூண்டு மடங்கு அதிலதான் ஏறிறது. மற்ற இரவு இடியப்பமும் சொதியும், இல்லாட்டி கொத்து. ஒரு முழுக் கொத்து பொம்பிளைப் பிள்ளையள் ரெண்டு பேருக்குத் தாராளம், ரெண்டு சொல்லி மிச்சம் விடாதேங்கோ. வெள்ளிக்கிழமை சில வீட்டு விடுதியளில மச்சம் சமைக்கமாட்டினம், நண்டைச் சனிக்கு வையுங்கோ. சனி இரவு நண்டு, பிறகு நல்லூரடியில றியோ ஐஸ்கிறீம், அப்பிடி முடியுங்கோ.

தண்ணி: இங்க கிணத்துத் தண்ணி சுண்ணாம்புக் கல்லுக்கால வாறது. பழக்கமில்லாத வயித்துக்கு ஒத்துவராமலும் போகலாம். சின்னப் போத்தல் போத்தலா வாங்காமல் 5 லீற்றர்க் கான் ஒண்டு வாங்கி அறையில வைச்சு, உங்கடை போத்தலில நிரப்பிக்கொண்டு போங்கோ.

வீட்டுக்குக் கொண்டுபோற சாமான் சனியே வாங்குங்கோ, ஞாயிறு ரவுணில நிறையக் கடை பூட்டு. பெப்ரவரியில பனங்கிழங்கு கட்டுக் கட்டாச் சந்தையில இருக்கும். பனங்கட்டி, புழுக்கொடியல், பினாட்டு எல்லாம் நவீன சந்தைப் பக்கம் பாக்கலாம். பனங்கட்டி வாங்கேக்க குட்டானை (அதைப் போட்டு வைக்கிற ஓலைப் பெட்டியை) அமத்திப் பாருங்கோ. இளகியிருந்தால் பஸ் சூட்டில ஒழுகி உடுப்பெல்லாம் பிசுபிசுக்கும். கறுத்தக் கொழும்பான் மாம்பழம் தேடாதேங்கோ, அது வைகாசி, ஆனியிலதான்.

கொட்டடியான்

எல்லாரும் சொன்னதை வைச்சு கணக்குப் போட்டுத் தாறன். இது தலைக்கு ஒதுக்க வேண்டிய மேலெல்லை, அவ்வளவும் முடிய வேணும் எண்டில்லை. போய்வர 6,000. அறை ரெண்டு இரவு, பாதிப் பங்கு 4,500. சாப்பாடு, நண்டு உட்பட, 4,500. பஸ், படகு, ஓட்டோ, ஞாயிறு ஸ்கூட்டர் சேர்த்து 2,000. மொத்தம் 17,000. மிச்சம் 3,000-இல ஆயிரத்தை அவசரத்துக்குத் தொடாமல் வையுங்கோ, மற்றது சாமான் வாங்க.

ரெண்டு பேருக்கு நடுவில பிக்கல் வராமல் இருக்க, முதல் நாளே ஆளுக்கு 6,000 போட்டு ஒரு பொதுப் பை வையுங்கோ. சாப்பாடு, பஸ், படகு, ஓட்டோ எல்லாம் அதில இருந்து. ஐஸ்கிறீம், பனங்கட்டி, பூ, அருச்சனை அவையவையின்ரை கைக்காசு. பஸ்ஸிலயும் படகிலயும் அட்டையை நம்பேலாது, அம்பது, நூறு ரூபாத் தாளெல்லாம் கையில வேணும்.

போய்வரச் செலவைக் குறைக்கிறதெண்டால் ரயில். இருக்கைப் பதிவு 30 நாளைக்கு முதல் திறக்கும், நீண்ட வார இறுதியெண்டால் திறந்த கையோட முடிஞ்சிடும். இரவு ரயில் எந்தெந்த நாள் ஓடுது எண்டதைப் பதியிற அண்டைக்கே ரயில்வேயிட்டக் கேளுங்கோ. வராட்டி பஸ். இரவு பஸ் பதியேக்க கடைசித் தரிப்பு யாழ். நகரம்தானோ எண்டு கேளுங்கோ. பருத்தித்துறைக்குப் போற பஸ் சிலது கொடிகாமத்தால திரும்பிப் போகும், ரவுணுக்கு வராது. அதில ஏறினால் விடியப்புறம் கொடிகாமத்தில நிண்டு வேற பஸ் பாக்க வேணும்.

கீரிமலைக்கு ஸ்கூட்டர் எடுக்காட்டி 769, காங்கேசன்துறை பஸ். மாவிட்டபுரத்தில இறங்கினால் கேணி ரெண்டு கிலோமீற்றர் அளவுதான், ஓட்டோவும் நிக்கும். ரவுணில இருந்து நேர கீரிமலைக்குப் போற மினிபஸ்ஸும் இருக்கு, பஸ் நிலையத்தில கேட்டு ஏறுங்கோ. பெண்களுக்குத் தனிக் கேணி, சுத்திவர மதில் இருக்கு. மாத்துடுப்பும் ஈர உடுப்புப் போட ஒரு பொலித்தீன் பையும் கொண்டு போங்கோ. படியள் பாசி பிடிச்சு வழுக்கும், கைபிடியை விடாதேங்கோ. ஏழு மணிக்குப் போனால் சனம் இல்லை. பக்கத்திலேயே நகுலேஸ்வரம் சிவன் கோயில். சிவராத்திரி உங்கடை கிழமையில வந்தால் அங்க கால் வைக்க இடம் இருக்காது, அப்ப ஞாயிறைப் பருத்தித்துறைக்கு மாத்துங்கோ.

வெள்ளவத்தைத் தோழி

போயா, சிவராத்திரி இரண்டையும் பார்த்து வாரத்தைத் தெரிவு செய்கிறோம். ஒரே ஒரு கேள்வி: சனிக்கிழமை காற்று எழும்பி படகு ஓடாவிட்டால்?

சோளகக்காற்று

காலை ஆறு மணிக்கு விடுதிக்காரரிடம் கேளுங்கள். படகு நின்றால் ஊருக்கே தெரிந்திருக்கும். அப்படியானால் 776-இல் ஏறாமல் 750-இல் ஏறிப் பருத்தித்துறை போங்கள். முனையில் வெளிச்சவீடு, துறைமுகக் கரை, ஊர்த் தட்டைவடை. அங்கிருந்து வல்வெட்டித்துறை வழியாகத் தொண்டைமானாறு செல்வச்சந்நிதி. அன்னதானக் கந்தன் என்றுதான் சொல்வார்கள், மத்தியானச் சாப்பாடு அங்கேயே ஆகிவிடும். நாலு மணிக்குள் ரவுணுக்குத் திரும்பலாம். ஞாயிறு கடல் அடங்கினாலும் நயினாதீவை அன்றைக்குத் தள்ளாதீர்கள். பின்னேரப் படகு பிந்தினால் இரவு பஸ்ஸைத் தவறவிடுவீர்கள், அந்தப் பயணச்சீட்டுக்குக் காசு திரும்பாது.